பழைய ஜாஸ் தட்டில் வாசித்தது யார்? ஓர் இலவசத் தேடல் சேவையுடன் ஆறு மாதம்

போன சித்திரையில் அல்லிக்குளம் வளாகத்தில் ஒரு கடைக்காரர் கோணிப்பையிலிருந்து பதினேழு கிராமபோன் தட்டுகளை எடுத்து என் முன்னால் அடுக்கினார். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு இங்கே இடம்மாறி வந்தவர்களில் ஒருவருடைய மகன் அவர். பதினேழில் பதிமூன்று தமிழ். நாடகப் பாட்டு, கிறிஸ்தவக் கீர்த்தனை, ஒரு நாகஸ்வரம். மீதி நான்கும் ஆங்கில நடன இசை. லேபிளில் பாட்டின் பெயர், அதன் கீழே ‘ஃபாக்ஸ் டிராட்’ என்று நடன வகை, அதற்கும் கீழே ஏதோ ஒரு ‘டான்ஸ் ஆர்கெஸ்ட்ரா’. ஓர் ஆள் பெயர்கூட இல்லை. பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது வந்த சரக்கு என்றார். நான்குக்கும் சேர்த்து 600 ரூபாய் கொடுத்தேன்.

என் அப்பா கோடம்பாக்கத்தில் சாக்ஸபோன் வாசித்தவர். காலையில் ஒரு கால்ஷீட், மதியத்துக்கு மேல் ஒரு கால்ஷீட் என்று இருபத்திரண்டு வருடம். எத்தனையோ பாட்டில் அவர் ஊதியது இருக்கிறது, எந்தத் தட்டிலும் அவர் பெயர் இல்லை. ரேடியோவில் பாட்டு வந்தால் அம்மா அடுப்படியிலிருந்தே “இது உங்கப்பாடா” என்பாள். எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் அதுதான். அம்மாவும் போய்விட்டாள். இன்று எந்தப் பாட்டில் வருவது அப்பா, எதில் வருவது அவருடைய நண்பர் என்பதை என்னால் பாதிதான் உறுதியாகச் சொல்ல முடிகிறது. அதனால் ‘டான்ஸ் ஆர்கெஸ்ட்ரா’ என்று மட்டும் அச்சிட்ட தட்டைக் கையில் எடுத்துவிட்டால் எனக்குக் கீழே வைக்க மனசு வராது.

ஆறு மாதமாக நான் பயன்படுத்தி வரும் சேவையின் முழுப்பெயர் ‘டிஸ்காகிராஃபி ஆஃப் அமெரிக்கன் ஹிஸ்டாரிகல் ரெக்கார்டிங்ஸ்’. சுருக்கமாக டி.ஏ.ஹெச்.ஆர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாக நூலகம் நடத்துகிறது. காசு கிடையாது. விக்டர் என்ற அமெரிக்க ரெக்கார்டு கம்பெனி தன் ஸ்டுடியோவில் எழுதி வைத்த பதிவேடுகளை ஒழுங்குபடுத்தும் வேலையாகத் தொடங்கி, அப்புறம் கொலம்பியா, ஓகே, பிரன்ஸ்விக், எடிசன் என்று விரிந்திருக்கிறது. தட்டின் எண், பாட்டின் பெயர், இசைக்கலைஞரின் பெயர் என எதை வைத்தும் தேடலாம். என்று பதிவானது, எந்த ஊரில், எத்தனை முறை வாசித்தார்கள், அதில் எது வெளியானது, எந்தெந்த லேபிளில், அதாவது எந்தெந்த விற்பனைப் பெயரில், வெளியானது என்று ஒரு பக்கம் திறக்கும்.

இது ஏன் பெரிய விஷயம் என்று புரிய, அந்தக் காலத்து அமெரிக்க நடன இசைத் தொழில் எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1920-களில் நியூயார்க்கில் ஒரே இசைக்குழு ஒரே மாதத்தில் நாலைந்து கம்பெனிகளுக்கு வாசிக்கும். ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்தால் மற்ற கம்பெனியில் வேறு பெயர். கலிஃபோர்னியா ராம்ப்ளர்ஸ் என்ற குழு கோல்டன் கேட் ஆர்கெஸ்ட்ரா, லிட்டில் ராம்ப்ளர்ஸ், கூஃபஸ் ஃபைவ், யுனிவர்சிட்டி சிக்ஸ் என்றெல்லாம் வெளிவந்தது. ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் குழு ஹார்மனி லேபிளில் டிக்ஸி ஸ்டாம்பர்ஸ். ஜாஸில் பெரிய பெயரான டியூக் எலிங்டனே வாஷிங்டனியன்ஸ், ஜங்கிள் பேண்ட், வூப்பி மேக்கர்ஸ் என்று பல வேடம் போட்டிருக்கிறார். ஒரிஜினல் மெம்ஃபிஸ் ஃபைவ் நியூயார்க்கில் இயங்கிய வெள்ளையர் குழு. அதே ஆட்கள் ஜெனட் லேபிளில் லாட்ஸ் பிளாக் ஏசஸ் ஆகிவிடுவார்கள். மலிவு விலைத் தட்டுகளில் நிலைமை இன்னும் மோசம். பிளாசா கம்பெனி ஒரே பதிவை பேனர், டாமினோ, ரீகல், ஓரியோல் என்று தன் லேபிள்களில் எல்லாம் போட்டது. தட்டு மாறினால் குழுவின் பெயரும் மாறும். அது கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனால் அங்கே இன்னொரு பெயர் ஒட்டுவார்கள். அப்படி ஒட்டிய பெயரோடு கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியவைதான் என் கையில் இருக்கும் நான்கும்.

நம் ஊர் வழக்கம் இதற்கு நேர் எதிர் திசையில் தொடங்கியது. 1902-ல் கல்கத்தாவில் பதிவு செய்த கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியில், லேபிள் ஒட்டும் ஆளுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே. பாடகி சொல்லிவிட்டார். பக்கத்தில் சாரங்கியோ தபலாவோ வாசித்தவரைச் சொல்ல யாரும் இல்லை. அந்த இடத்தில் நாமும் அவர்களும் ஒன்றுதான்.

சரி, தேடலுக்கு வருகிறேன். லேபிளில் இருக்கும் பெயரை வைத்துத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். தேட வேண்டியது மேட்ரிக்ஸ் எண், அதாவது பதிவு செய்யும்போது கம்பெனி அந்தப் பதிவுக்குக் கொடுத்த எண். பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் முன் பளபளவென்று ஒரு வளையம் இருக்கிறதல்லவா, அங்கே பொறித்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. மாலை ஏழு மணிக்கு ஹால் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தட்டின் விளிம்போடு படுக்கையாகப் பிடித்தேன். எழுத்துகளின் நிழல் எழும்பியது. முதலில் ஒரு டபிள்யூ, பிறகு ஆறு இலக்கம், 14-ல் தொடக்கம். பார்த்து எழுதியதில் நம்பிக்கை வராமல் வெண்ணெய்த்தாளை மேலே வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். பள்ளிக்கூடத்தில் நாணயத்தை வைத்துத் தேய்ப்போமே, அதே வேலை.

எண் கிடைத்ததுமே பாதி விடை வந்துவிட்டது. ஆறு இலக்கத்தில் 14 என்று தொடங்குவது அமெரிக்கக் கொலம்பியாவின் வரிசை. அந்த வரிசை 1924-ல் தொடங்கியது. டபிள்யூ என்ற எழுத்து 1925-ல் வந்த மின்சாரப் பதிவு முறையின் அடையாளம். அதற்கு முன்னால் எல்லோரும் ஒரு தகரக் கொம்புக்கு எதிரே நெருக்கி நின்று ஊதினார்கள், மைக் கிடையாது. ஆக லேபிள் இங்கிலாந்துடையது, வாசித்தது அமெரிக்காவில். இவ்வளவும் தேடல் பெட்டியில் ஒன்றுமே தட்டுவதற்கு முன்னால் தெரிந்தது.

முதல் தேடல் தோற்றது. 3-ஐ 8 என்று படித்திருக்கிறேன். திறந்த பக்கத்தில் என் தட்டுக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒரு பாடகர் இருந்தார். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது இங்கேதான் தெரிந்தது. ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் பாட்டின் பெயர் இருக்கிறது. லேபிளில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் தப்பு நம் கண்ணில்தான். இரண்டாவது முறை சரியாகத் தட்டினேன். பாட்டின் பெயர் பொருந்தியது. குழு, கலிஃபோர்னியா ராம்ப்ளர்ஸ். இடம், நியூயார்க். வருடம், 1925. அன்று இரவு மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

குழு தெரிந்துவிட்டது, ஆட்கள்? இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கம்பெனிகளின் பதிவேட்டில் பெரும்பாலும் தலைவர் பெயர்தான் இருக்கும். விக்டர் பதிவேட்டில் பல இடங்களில் ‘இரண்டு கார்னெட் (டிரம்பெட்டின் தம்பி), ஒரு டிராம்போன், மூன்று சாக்ஸபோன்’ என்று கருவிக் கணக்கு எழுதியிருப்பார்கள், ஊதியவர் பெயர் இருக்காது. கம்பெனிக்கு அது தேவைப்படவில்லை. கோடம்பாக்கத்திலும் அப்படித்தானே, எத்தனை வயலின், எத்தனை பிராஸ் என்று கணக்கு இருக்கும். டி.ஏ.ஹெச்.ஆர். இந்த வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்புவதில்லை. தெரிந்த பக்கத்தில் பெயர் இருக்கிறது, தெரியாத பக்கத்தில் காலியாக இருக்கிறது. ஆரம்பத்தில் இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது இந்தச் சேவையை நான் நம்புவதற்கே அந்தக் காலியிடங்கள்தான் காரணம். அப்பாவின் நண்பர்கள் நாலு பேர் ஒரே பாட்டின் சாக்ஸபோன் துண்டுக்கு நாலு பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள்.

ஆட்களைக் காதால்தான் தேட வேண்டும், காகிதம் அதற்கு எல்லை போட்டுத் தரும். என் தட்டில் பாஸ் சாக்ஸபோன், அதாவது அடிச்சுருதி தரும் பெரிய சாக்ஸபோன், கேட்கிறது. அப்பாவிடம் ஆல்டோ, டெனார் என்று இரண்டு வகை சாக்ஸபோன் இருந்ததால் நாணல் ரீடின் சத்தம் எனக்குப் பழக்கம். அந்தக் கால நடன இசையில் அடிச்சுருதிக்குப் பெரும்பாலும் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வைப்பார்கள். டியூபாவின் ஒவ்வொரு சுரமும் காற்றடைத்த பந்து மாதிரி உருண்டு வரும். பாஸ் சாக்ஸில் சுரத்தின் முதல் கணத்தில் ரீட் ஒரு கடி கடிக்கும், அப்புறம்தான் சத்தம் விரியும். இந்தத் தட்டில் இரண்டாவது சுற்றில் அது தாளம் பிடிப்பதை விட்டுவிட்டு மேலே ஏறி, நான்கு சுரம் பேசிவிட்டு இறங்குகிறது. இருபது தடவை கேட்டிருப்பேன். அந்தக் குழுவில் அந்த வருடங்களில் பாஸ் சாக்ஸ் வாசித்தவர் ஏட்ரியன் ரோலினி. 1903-ல் பிறந்தவர், 1927 கடைசியில் லண்டனுக்குப் போகும்வரை இந்த வட்டத்தில்தான் இருந்தார். கூஃபஸ் ஃபைவ் என்ற பெயரே அவர் வாசித்த ஒரு விளையாட்டுக் கருவியால் வந்தது. சாக்ஸபோன் வடிவம், உள்ளே ஹார்மோனியத்தின் ரீடு, வாயால் ஊதி வாசிக்கும் மெலோடிகாவுக்குச் சித்தப்பா முறை.

எண், வருடம், கருவி. மூன்றும் ஒரே ஆளைக் காட்டும்போதுதான் நான் நோட்டில் பேனாவால் எழுதுகிறேன். அதே தட்டின் டிரம்பெட்டுக்குப் பென்சில்தான். இந்தக் குழுவில் பில் மூர் என்ற டிரம்பெட் கலைஞர் இருந்தார். கறுப்பினத்தவர், வெளிர் நிறம். வெள்ளையர் குழுவில் அவரை ஹவாய்க்காரர் என்று சொல்லி விளம்பரப்படுத்தினார்கள். லேபிளில் பெயரை மறைத்தது போதாதென்று அவருக்கு இனத்தையும் மறைக்க வேண்டியிருந்தது. என் தட்டில் ஊதுவது அவராக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆசை இருப்பதாலேயே பென்சில். பிக்ஸ் பைடர்பெக் விஷயத்தில் உலகம் முழுக்க இந்தத் தப்பு நடந்திருக்கிறது. 28 வயதில் 1931-ல் இறந்துபோன அந்தக் கார்னெட் கலைஞர் மேல் எல்லோருக்கும் பிரியம். இனிமையாக ஒரு கார்னெட் கேட்டால் உடனே பிக்ஸ் என்றார்கள். பால் வைட்மன் குழுவில் அவர் இடத்துக்கு வந்த ஆண்டி சீக்ரெஸ்ட் வாசித்ததையும் அவர் கணக்கில் எழுதியவர்கள் உண்டு.

எத்தனையாவது தடவை வாசித்தது என்று காட்டும் டேக் எண்ணை விட்டுவிடாதீர்கள். மேட்ரிக்ஸ் எண்ணை ஒட்டி 1, 2, 3 என்று சிறிதாக இருக்கும். ஒரே பாட்டை ஒரே நாளில் மூன்று தடவை வாசித்திருந்தால் தனி ஆவர்த்தனம் மூன்று விதமாக இருக்கும். மற்றவர்கள் எழுதியதை உங்கள் தட்டோடு ஒப்பிடும்போது இரண்டும் ஒரே டேக்தானா என்று பார்க்காமல் ‘இல்லை, இது அவர் இல்லை’ என்று சண்டைக்குப் போவதில் அர்த்தமில்லை. டி.ஏ.ஹெச்.ஆர். ஒவ்வொரு டேக்கையும் தனி வரியில் காட்டுகிறது.

வேகமும் முக்கியம். எல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்று என்று சொல்லிவிடுகிறோம், அப்படியில்லை. என் தட்டை 78-ல் ஓட்டினால் சுருதி இரண்டு கட்டைக்கும் இரண்டரைக் கட்டைக்கும் நடுவில் நின்றது. காற்றுக்கருவிக்காரர்கள் அப்படி நடுவில் வாசிக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கைக்கு வாகான சுருதி இரண்டரை, அதாவது ஈ-ஃபிளாட். அப்பாவின் ஆல்டோவை எடுத்து ஒரு சுரம் ஊதிப் பிடித்துக்கொண்டு, டர்ன்டேபிளின் வேகத்தை மெல்ல ஏற்றினேன். 80-க்கு வந்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டன. கொலம்பியா குடும்பத்துப் பழைய தட்டுகளில் 80 என்பது சாதாரணம், சில லேபிள்களில் அச்சடித்தே இருக்கும். வேகம் தப்பினால் ரீடின் அந்தக் கடி மழுங்கிவிடும், டிராம்போனின் அதிர்வு இழுபடும். ஆளை அடையாளம் காண்பது அப்புறம் எப்படி?

சத்தத்தின் தரத்தை வைத்து வருடம் கணிக்காதீர்கள் என்பதும் இந்த ஆறு மாதத்தில் கற்றது. ஹார்மனி லேபிள் மின்சாரப் பதிவு வந்து வருடக்கணக்கான பிறகும் பழைய கொம்பு முறையிலேயே பதிவு செய்தது. 1927-ல் வாசித்தது 1922 போலக் கேட்கும். காது ஏமாறும் இடத்தில் பதிவுத் தேதி கைகொடுக்கிறது.

இப்போது ஒரு வருத்தமான கதை. இரண்டாவது தட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. நம் ஊர் ஈரத்துக்கு அது வரத்தான் செய்யும். சுத்தம் செய்து தருவதாகச் சொன்ன ஒரு கடையில் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு சுற்று துடைத்துவிட்டார். பஞ்சு மையைத் தொட்டது போலக் கறுப்பாக வந்தது. கிராமபோன் தட்டு அரக்கால் ஆனது, ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். பளபளப்பு போய் அந்தப் பக்கம் சாம்பல் பூத்துவிட்டது. ஊசியை வைத்தால் மழைச் சத்தம்தான். அந்த அரக்கே பெரும்பாலும் நம் நாட்டுக் காட்டு மரங்களிலிருந்து போனது. இங்கிருந்து போய், பாட்டாகத் திரும்பி வந்து, நூறு வருடம் தாங்கி, ஒரு நிமிடத்தில் பஞ்சோடு போனது. உங்களிடம் இருந்தால் வடிநீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் போட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள், லேபிளில் ஈரம் படவிடாதீர்கள். ஊசியும் அகலமானது வேண்டும். பிற்கால எல்.பி. தட்டுக்கான ஊசியின் முனையைப் போல நாலு மடங்கு பெரிய பள்ளம் இது. எல்.பி. ஊசி அதன் அடியில் உள்ள தூசியில் உரசிக்கொண்டு ஓடும்.

நல்ல வேளையாக ஸ்பிரிட் அந்த வளையம்வரை போகவில்லை. எண் தப்பியது. அதைத் தட்டினேன். இதுவும் 1925, இதுவும் நியூயார்க். பக்கத்தில் ஒலியைக் கேட்கும் வசதி இருந்தது. அமெரிக்காவில் அந்தக் காலப் பதிவுகள் வருடா வருடம் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டு வருகின்றன, 1925-ஆம் வருடத்துப் பதிவுகள் 2026-ன் தொடக்கத்தில் விடுபட்டன. எல்லாப் பக்கத்திலும் ஒலி இருக்காது, எனக்கு வாய்த்தது. ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவர் பத்திரமாக வைத்திருந்த பிரதி. ஹெட்போனில் போட்டுக்கொண்டு, சாம்பல் பூத்த என் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

யாருக்குப் பயன்படும்? அமெரிக்கப் பதிவு எண் உள்ள தட்டு கையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. இங்கிலாந்து லேபிளைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், எண்ணைப் பாருங்கள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் எண்ணும் தேதியும் ஊரும் படிக்கத் தெரிந்தால் போதும், என் பத்தாம் வகுப்புப் பையன் என்னைவிட வேகமாகத் தேடுகிறான். தமிழ்த் தட்டுகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வருபவர்கள் இதை நம்பி வரவேண்டாம், இதன் அடித்தளம் அமெரிக்கக் கம்பெனிகளின் காகிதம். நமக்கு இப்படி ஒன்று வேண்டும் என்று ஒவ்வொரு முறை அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஸ்டுடியோக்களின் கால்ஷீட் காகிதங்கள் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது தட்டிலும் 14 இருந்தது, பக்கம் திறந்தது, ஆள் பெயர் எதுவும் இல்லை. அதில் வரும் கிளாரினெட்டை யாரென்று நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான்காவதில் லேபிளின் ஓரம் வளையத்தின் மேல் ஏறி ஒட்டியிருக்கிறது. அடியில் ஏதோ எண் புடைத்துக்கொண்டிருப்பது விரலுக்குத் தெரிகிறது. முதல் இரண்டு இலக்கம் மட்டும் தாளில் விழுந்திருக்கிறது. ஒன்று, பிறகு நாலு. மீதிக்கு மெல்லிய தாள் வாங்கி வந்திருக்கிறேன்.